நாளுக்கு ஓர் ஏடு

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எனவே நான் தோற்ற ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அடுத்தவர் தோற்ற கதை என்றால் தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஹிட்லர், வதைமுகாம்கள், கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, “இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஒரு மதிப்பெண் வினாவாக வரலாம்” என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “சார், அவங்க செத்தது புரியுது. அதுக்கு முன்னாடி எப்படி வாழ்ந்தாங்க? காலையில எழுந்திரிச்சா என்ன செய்வாங்க?” என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “அது பாடத்துல இல்லம்மா, உட்காரு.”

அன்று மாலை பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தை அவர்களுடைய மரணத்தின் வழியாக மட்டுமே என் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறேன் என்பது உறைத்தது. அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த மாணவிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா யூதர்களும் ஒரே மாதிரி வாழ்பவர்கள் அல்லர். சமயத்தைக் கடைப்பிடிக்காதவர்களும் அவர்களில் நிறைய உண்டு. நான் பேசப்போவது மரபைக் கடைப்பிடிப்பவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி.

மாலையில் தொடங்கும் நாள்

அவர்களுடைய நாள் காலையில் தொடங்குவதில்லை, சூரியன் மறையும்போது தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் வீட்டில் விளக்கேற்றிவிட்டால் ஓய்வுநாளான சபாத் வந்துவிட்டது என்று பொருள். சனிக்கிழமை இரவு வானில் விண்மீன்கள் தெரியும்வரை அது நீடிக்கும். வேலை இல்லை, வணிகம் இல்லை, நெருப்பு மூட்டுவதும் இல்லை. மற்ற நாட்களில் மாலை, காலை, பிற்பகல் என மூன்று வேளைத் தொழுகை. உண்பதற்கு முன்னும் பின்னும் நன்றி கூறும் சொற்கள். காலையில் கண் விழித்தவுடன் சொல்லவேண்டிய ஒரு சிறு வாசகம்கூட உண்டு. அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இதுவே நேரடியான விடை: எழுந்தவுடன் நன்றி சொல்வார்கள், கை கழுவுவார்கள், தொழுவார்கள். பிறகு, முடிந்தவர்கள் படிப்பார்கள். அந்தப் படிப்பைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மாதங்கள் நிலவைப் பின்பற்றுபவை. ஒரு மாதத்துக்கு 29 அல்லது 30 நாட்கள். 12 மாதங்களைக் கூட்டினால் சுமார் 354 நாட்கள் வரும். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. இதைச் சரிசெய்யாமல் விட்டால் பண்டிகைகள் பருவம் மாறி நகர்ந்துகொண்டே போகும். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே வருவதை நம் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதை வைத்தே இதை விளக்கலாம். ஆனால் பாஸ்கா பண்டிகை வசந்த காலத்தில்தான் வரவேண்டும் என்பது யூதர்களின் மறைநூல் விதி. எனவே 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மாதப் பெயர்களோ பாபிலோனிலிருந்து வந்தவை. பாபிலோனியர்கள் எருசலேமை அழித்து அம்மக்களை நாடு கடத்தினார்கள். அங்கிருந்து திரும்பியவர்கள் அந்நாட்டு மாதப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். நாட்காட்டிக்குள் வரலாறு உட்கார்ந்திருப்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பழங்காலத்தில் மாதப் பிறப்பைக் கணக்குப் போட்டு அறிவிக்கவில்லை. பிறையைக் கண்ட சாட்சிகள் இருவர் நீதிமன்றத்துக்கு வந்து சொல்லவேண்டும். வருபவர்களில் படிக்காதவர்களும் இருப்பார்கள், கண்டதை வருணிக்கத் தெரியாது. அதற்காக ரபான் கமாலியேல் என்ற தலைவர் தம் மாடி அறையின் சுவரில் பிறையின் பல வடிவங்களை வரைந்த பலகையை வைத்திருந்தாராம். “நீ கண்டது இப்படியா, அப்படியா?” என்று காட்டிக் கேட்பாராம். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய கற்றல் துணைக்கருவி அது. நாம் இப்போது அட்டையில் வரைந்து கொண்டுபோவதை அவர் அப்போதே செய்திருக்கிறார்.

அறிவிப்பு வந்ததும் மலை உச்சிகளில் தீ மூட்டிச் செய்தி அனுப்பினார்கள். அதில் குழப்பம் விளைவிக்கப்பட்ட பிறகு தூதர்களை அனுப்பினார்கள். தூதர் போய்ச் சேராத தொலைதூர ஊர்களில் எந்த நாள் சரியானது என்று தெரியாது. ஐயத்துக்கு இடம் தராமல் பண்டிகையை இரண்டு நாட்கள் கொண்டாடினார்கள். கணக்கிட்ட நாட்காட்டி வந்தபின் ஐயம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் இஸ்ரேலுக்கு வெளியே மரபு வழி நடப்பவர்கள் இன்றும் இரண்டு நாட்கள்தான் கொண்டாடுகிறார்கள்.

கேள்வி கேட்கும் பிள்ளை

ஆண்டின் ஒவ்வொரு பண்டிகையும் ஒரு வரலாற்றுப் பாடம். பாஸ்கா, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து வெளியேறியதன் நினைவு. சுக்கோத், பாலைவனத்தில் குடில்களில் தங்கியதன் நினைவு. அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வெளியே குடில் கட்டி, அதில் அமர்ந்து உண்பார்கள். ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், எருசலேம் ஆலயம் இருமுறை இடிக்கப்பட்டதற்கான துக்க நாள். முதலில் பாபிலோனியர்கள், பிறகு பொ.ஆ. 70-இல் ரோமானியர்கள். அன்று முழு நோன்பு. அன்றைக்கு வழக்கமான மறைநூல் படிப்பும் கூடாது. ஏன் தெரியுமா? படிப்பு மனத்துக்கு மகிழ்ச்சி தருவதாம். துக்க நாளில் மகிழ்ச்சி ஆகாது அல்லவா? அதனால் துயரமான பகுதிகளை மட்டும் படிக்கலாம். படிப்பை மகிழ்ச்சி என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் “இன்றைக்குப் பாடம் இல்லை” என்று சொன்னால் எழும் ஆரவாரம் நினைவுக்கு வந்தது.

பாஸ்கா இரவு உணவைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். அந்த விருந்து கேள்வியில்தான் தொடங்குகிறது. இருப்பவர்களிலேயே இளைய பிள்ளை எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பெரியவர்கள் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார்கள். வீட்டில் பிள்ளை இல்லையென்றால் மனைவி கேட்கவேண்டும். தனியாக இருப்பவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி இல்லாமல் விடை சொல்லக்கூடாது என்பது விதி.

அந்த இரவில் வாசிக்கும் நூல் நான்கு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறது. அறிவுள்ள பிள்ளை, எதிர்த்துப் பேசும் பிள்ளை, எளிய பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை. நான்கு பேருக்கும் நான்கு வகைப் பதில்கள். நான்காவது பிள்ளைக்காகக் காத்திருக்கக்கூடாது, நீதான் பேச்சைத் தொடங்கவேண்டும் என்கிறது அந்நூல். நம் வகுப்பறைகளிலும் இந்த நால்வரும் இருக்கிறார்கள். என் வகுப்பில் முதல் வகைப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள். நான் உட்காரச் சொன்னேன்.

ஏட்டின் கதை

இனி அந்தப் படிப்புக்கு வருகிறேன். தோரா எனப்படும் ஐந்து மறைநூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம்தோறும் தொழுகைக்கூடத்தில் வாசித்து, ஓராண்டில் முடிக்கிறார்கள். கடைசிப் பகுதியை முடிக்கும் நாளிலேயே முதல் பகுதியையும் வாசித்துவிடுவார்கள். முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது.

அதற்கு அடுத்தது தால்முத். வாய்வழிச் சட்டங்களைத் தொகுத்த மிஷ்னா சுமார் பொ.ஆ. 200-இல் உருவானது. அதன்மேல் பல தலைமுறை அறிஞர்கள் நடத்திய விவாதங்களின் தொகுப்பே தால்முத். தீர்ப்பைவிட விவாதத்துக்கே அதில் இடம் அதிகம். ஏற்கப்படாத கருத்தையும் சொன்னவர் பெயரோடு பதிவு செய்திருக்கிறார்கள். விடை கிடைக்காத கேள்வியின் இறுதியில் “தேய்க்கு” என்று ஒரு சொல் வரும். கேள்வி அப்படியே நிற்கட்டும் என்று பொருள். நம் காதுக்கு அது ‘தேக்கு’ என்று கேட்கிறது. மொழித் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் கேள்வியைத் தேக்கி வைப்பது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்நூலை வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறித்தவ அச்சகர் 1520 முதல் 1523 வரை முதன்முறையாக முழுமையாக அச்சிட்டார். பக்கத்தின் நடுவில் மூலம். ஒரு பக்கவாட்டில் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. மறு பக்கவாட்டில் ராஷியின் பேரர்களும் அவர்கள் வழிவந்தோரும் எழுதிய குறிப்புகள், பல இடங்களில் தாத்தாவை மறுத்தே எழுதியவை. அந்த ஏட்டு எண்களையே பின்னர் வந்த பதிப்புகளும் பின்பற்றின. ஒவ்வொரு பகுதியும் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும், முதல் ஏடு என்பதே கிடையாது. தலைப்புப் பக்கத்தை ஒன்றாகக் கணக்கிட்டதுதான் காரணம். ஆனால் எவ்வளவு படித்தாலும் இன்னும் முதல் ஏட்டைத் தொடவில்லை என்று நினைத்துக்கொள்ளத்தான் அப்படி என்றும் சொல்வார்கள்.

எண்கள் எல்லாப் பதிப்பிலும் ஒன்றாக இருந்ததால் ஒரு புதிய யோசனை பிறந்தது. 1923 ஆகஸ்டில் வியன்னாவில் ஒரு மாநாடு. போலந்தைச் சேர்ந்த மெயிர் ஷபிரோ என்ற ரபி பேச எழுந்தார். வயது 36. அவர் போலந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். உலகெங்கும் உள்ள யூதர்கள் அனைவரும் ஒரே நாளில் தால்முத்தின் ஒரே ஏட்டைப் படித்தால் என்ன என்று கேட்டார். கப்பலில் பல நாட்கள் பயணம் செய்து ஒருவர் அமெரிக்காவில் இறங்குகிறார். அங்குள்ள தொழுகைக்கூடத்துக்குள் நுழைந்தால், தாம் அன்று கப்பலில் படித்த அதே ஏட்டை அங்கேயும் படித்துக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்களுடன் உடனே பேசத் தொடங்கலாம். இதுதான் அவர் காட்டிய படம். யாரும் தொடாமல் கிடக்கும் பகுதிகளும் படிக்கப்படும் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

அதே ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், அவர்களுடைய புத்தாண்டு அன்று, படிப்பு தொடங்கியது. ‘தாஃப் யோமி’ என்று அதற்குப் பெயர். நாளுக்கு ஓர் ஏடு, இருபுறமும். இன்றைய கணக்கில் 2,711 ஏடுகள், அதாவது ஏறத்தாழ ஏழு ஆண்டு ஐந்து மாதம். முதல் ஏட்டின் முதல் வரியே நேரத்தைப் பற்றிய ஒரு கேள்விதான்: மாலைத் தொழுகையின் வாசகத்தை எப்போதிலிருந்து சொல்லலாம்?

ஷபிரோ லப்ளின் நகரில் ஒரு பெரிய சமயக் கல்லூரியைக் கட்டி 1930-இல் திறந்தார். முதல் சுற்று 1931 பிப்ரவரியில் முடிந்தது. 1933-இல், தம் 46-ஆம் வயதில் அவர் இறந்துபோனார்.

மூன்றாம் சுற்று

தேதிகளை நாம் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வதில்லை. இப்போது வைத்துப் பாருங்கள். மூன்றாம் சுற்று தொடங்கியது 1938 ஜூன் 28. போலந்து மீது ஜெர்மனி படையெடுத்தது 1939 செப்டம்பர் 1. மூன்றாம் சுற்று முடிந்தது 1945 நவம்பர் 19. நான் கரும்பலகையில் எழுதிய அந்த 60 லட்சம் என்ற எண், ஏறத்தாழ முழுவதும், இந்த ஒரே சுற்றுக்குள் அடங்குகிறது.

போருக்கு முன் போலந்தில் ஏறத்தாழ 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். லப்ளின் கல்லூரி 1939-இல் மூடப்பட்டது. அடைத்துவைக்கப்பட்ட குடியிருப்புகளில் தொழுகைக்கும் படிப்புக்கும் தடை இருந்தும் மறைவாகப் படித்தவர்கள் இருந்தார்கள். வார்சாவில் எழுச்சி தொடங்கிய 1943 ஏப்ரல் 19-ஆம் நாள் மாலைதான் அவ்வாண்டின் பாஸ்கா இரவு. இளைய பிள்ளை கேள்வி கேட்கவேண்டிய இரவு. எத்தனையோ வீடுகளில் கேட்பதற்குப் பிள்ளை இல்லை.

ஆனாலும் வேறு நாடுகளில் ஏடுகள் நாள் தவறாமல் புரண்டன. 1945 நவம்பர் 20 அன்று நான்காம் சுற்று தொடங்கியது. போருக்குப் பின் ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்தவர்களிடம் படிக்கத் தால்முத் இல்லை. முகாமிலிருந்த ரபிகள் அமெரிக்க ராணுவத்திடம் கேட்டார்கள். ராணுவத்தின் உதவியோடு ஹைடல்பெர்க் நகரில், ஜெர்மன் மண்ணிலேயே, 19 தொகுதிகளாகத் தால்முத் அச்சிடப்பட்டது. அதன் தலைப்புப் பக்கத்தின் அடியில் முள்வேலியிட்ட முகாமும் மேலே பனைமரங்கள் நிற்கும் ஒரு நாட்டின் காட்சியும் வரையப்பட்டிருக்கும். லப்ளின் கட்டடம் பல ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியாக இருந்து, 2003-இல் யூத சமூகத்திடம் திரும்பியது.

இப்போது நடப்பது 14-ஆம் சுற்று. 2020 ஜனவரி 5 அன்று தொடங்கியது, 2027 ஜூன் 7 அன்று முடியும். நெடுங்காலம் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த படிப்பு இது. 2020 ஜனவரியில் சுற்றை முடித்த பெண்கள் எருசலேமில் கூடிப் பெருவிழா எடுத்தார்கள். அந்தக் கதவும் கொஞ்சம் திறந்திருக்கிறது.

நமக்கு என்ன?

இந்த முறையை அவர்களுக்குள்ளேயே குறை சொல்பவர்கள் உண்டு. நாளுக்கு ஓர் ஏடு என்பது மிக வேகம், ஆழமாகப் படிக்க ஒரே ஏட்டில் பல வாரங்கள் தங்கவேண்டும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் ஓடும் நமக்கு அது நன்றாகவே புரியும். ஆனால் அவர்கள் ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் கைவிடவில்லை. கல்லூரிகளில் இருவர் இருவராக உட்கார்ந்து, உரக்க விவாதித்து, மெதுவாகப் படிப்பதும் நடக்கிறது. வேலைக்குப் போகும் மனிதர் விடியற்காலையில் ஓர் ஏடு படிப்பதும் நடக்கிறது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. நான்கு நாட்கள் தவறவிட்டவர் என்ன செய்வார்? இன்றைய ஏட்டில் வந்து உட்காரலாம். விட்டதை முடிந்தபோது படித்துக்கொள்ளலாம், அல்லது ஏழு ஆண்டு கழித்து அது தானே திரும்ப வரும். நீண்ட விடுப்பில் இருந்துவிட்டு வரும் மாணவனிடம் நாம் முதலில் கேட்பது, “இத்தனை நாள் எங்கடா போன?” என்று. இப்போது நான் அப்படிக் கேட்பதில்லை. “வா, 84-ஆம் பக்கத்துல இருக்கோம்” என்கிறேன். பக்கத்து மாணவன் நகர்ந்து இடம் கொடுக்கிறான்.

வகுப்பில் இன்னும் இரண்டு மாற்றங்கள் செய்தேன். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியாத கேள்விகள் அதில் ஏறும், விடை கிடைக்கும்வரை அழிக்கக்கூடாது. இரண்டாம் உலகப்போர் பாடத்துக்கு முன் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மாலையில் தொடங்கும் ஒரு நாளை மாணவர்களை வரையச் சொல்கிறேன். விளக்கு, தொழுகை, உணவு மேசை, கேள்வி கேட்கும் பிள்ளை, ஏட்டின் முன் அமர்ந்த தந்தை. மறுநாள்தான் அந்த எண்ணை எழுதுகிறேன். இப்போது யாரையும் அடிக்கோடிடச் சொல்வதில்லை. சுற்றுலா போக வாய்ப்புள்ள பள்ளிகள் கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நம்மைப் பற்றி. பணியில் சேர்ந்தபின் பாடநூலைத் தவிர வேறு எதையும் படிக்காமல் நான் கழித்த ஆண்டுகள் பல. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் கேள்வி என்னை மறுபடி படிக்க வைத்தது. இப்போது காலையில் செய்தித்தாளுக்கு முன் ஏதாவது ஒரு நூலில் இரண்டு பக்கம் படிக்கிறேன். விட்டுப்போகும் நாட்களும் உண்டு. மறுநாள் அந்த நாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்த மாணவி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. கரும்பலகைக் கட்டத்தில் முதலில் எழுதியது அவளுடைய கேள்வியைத்தான். விடை தெரிந்த பிறகும் அதை மட்டும் நான் அழிக்கவில்லை.